உப்புக்காற்றின் நடுவே ஒரு நன்னீர்ச் சுற்று

திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்குச் செல்லும் சாலையில் பிரம்மதேசத்தைத் தாண்டிக் கிழக்கே போகப் போக, வயல்களும் ஏரிகளும் மெல்லப் பின்தங்கி, கழுவேலியின் உவர்நீர்ப் பரப்பும் பக்கிங்காம் கால்வாயும் அவற்றை அடுத்த உப்பளப் பாத்திகளும் தோன்றத் தொடங்கும்போதே, கண்ணுக்குப் புலப்படாத ஒரு பதார்த்தம் காற்றில் கலந்திருப்பது உதட்டில் தெரிந்துவிடும். ஜன்னல் கம்பியையும் சைக்கிள் சங்கிலியையும் அந்த உப்பு எப்படி அரித்துத் தின்கிறது என்பதை இவ்வட்டாரத்தார் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். ஆனால் இவ்வூர்களின் வீடுகளிலும் கடைகளிலும் இப்போது நிலைபெற்றுவிட்ட கம்ப்யூட்டர் என்னும் யந்திரத்துக்குள்ளும் அதே உப்பு நாள்தோறும் புகுந்துகொண்டிருக்கிறது என்பதையும், அதை உள்ளே இழுத்துவிடுவது அந்த யந்திரத்தைக் குளிர்விப்பதற்கென்றே வைத்த விசிறிதான் என்பதையும் எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

கம்ப்யூட்டரின் உஷ்ணத்தைக் காற்றினால் அன்றி நீரினால் வெளியேற்றும் முறை ஒன்று உண்டு. நகரங்களில் வேகமிக்க கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் ஈடுபடும் இளைஞர்கள், வண்ண விளக்குகளும் கண்ணாடிக் குழாய்களும் பொருத்தி, பல ஆயிரம் ரூபாய் செலவில் இதை அமைத்துக்கொள்வதால், இது செல்வர் வீட்டு அலங்காரம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அந்த எண்ணம் சரியன்று. உப்புக் கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு இம்முறை மற்றவர்களைவிட அதிகமாகப் பயன்படும் என்பதும், இதன் உறுப்புகளில் பெரும்பகுதியை உள்ளூர் லேத் பட்டறையின் துணையோடு கையாலேயே செய்துகொள்ள முடியும் என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் உஷ்ணத்தின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1971-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் 4004 என்னும் நுண்செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அது வெளியிட்ட உஷ்ணம் ஏறத்தாழ ஒரு வாட் அளவில் அடங்கியதால், அதற்கு விசிறியும் தேவைப்படவில்லை, உலோகச் சிறகும் தேவைப்படவில்லை. 2004-ஆம் ஆண்டு வாக்கில் பென்டியம் 4 வகைச் சில்லுகள் 115 வாட்டை எட்டிவிட்டன. இன்றைய உயர்ரகச் சில்லுகளோ கடும் வேலையின்போது 200 வாட்டையும் கடந்து செல்கின்றன. சில்லு உண்ணும் மின்சாரம் முழுவதும், அது எந்தக் கணக்கைப் போட்டாலும் எந்தப் படத்தைத் தீட்டினாலும், இறுதியில் உஷ்ணமாகவே மாறுகிறது என்பது இயற்கையின் விதி. சித்திரை மாதத்து நண்பகலில் மரக்காணத்துப் பாத்திகளின்மேல் விழும் வெயில், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட். இரண்டு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு சில்லில் 200 வாட் எழுமானால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட் ஆகிறது. பாத்தியில் வெறுங்காலோடு நிற்க முடியாதபடி சுடும் அந்த வெயிலைப்போல் ஆயிரம் மடங்கு உஷ்ணம், ஒரு கட்டைவிரல் நுனி அளவான இடத்திலிருந்து இடைவிடாமல் பெருகிக்கொண்டிருக்கிறது. அதை அகற்றாவிட்டால் சில நொடிகளில் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பின்பு நின்றே போகும்.

இதை அகற்றுவதற்குக் காற்றை நம்பினால், காற்றின் வெப்பநிலை 10 டிகிரி உயர இடங்கொடுத்தாலும், 200 வாட்டுக்கு நிமிஷம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் காற்று அந்தப் பெட்டிக்குள் புகுந்து வெளியேற வேண்டும். நீரை நம்பினால், நிமிஷத்துக்கு மூன்று லிட்டர் ஓடினாலே போதும். அந்த நீரின் வெப்பநிலை ஒரு டிகிரிகூட முழுதாக உயர்வதில்லை. கன அளவுக்குக் கன அளவு ஒப்பிட்டால், காற்றைவிட நீர் சுமார் 3,500 மடங்கு உஷ்ணத்தை ஏற்கவல்லது என்பதே இதற்குக் காரணம்.

நிமிஷத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று என்பதை உப்புக் கடற்கரையில் இருப்பவர்கள் இன்னொரு முறை யோசிக்க வேண்டும். பத்து மணி நேரம் யந்திரம் இயங்கினால் 600 கன மீட்டர் காற்று, தான் சுமந்து வரும் நுண்ணிய உப்புத் துகள்களோடு, மின்பலகையின் மேல் தடவிக்கொண்டு போகிறது. உலர்ந்த பகற்பொழுதில் அத்துகள்கள் பெரிய தீங்கு செய்வதில்லை. ஆனால் சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைக் கடந்தவுடன் தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து நீராகிவிடும் சுபாவமுள்ளது. கடல்நீரில் அதனோடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவிகித ஈரப்பதத்திலேயே அவ்வாறு கரைந்துவிடும். கழுவாத கல்லுப்பு அடைமழைக் காலத்தில் ஜாடிக்குள்ளேயே நீர் விட்டுக் கசிவதும், உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு எஞ்சும் கசப்பு நீரைத் தனியே ஒதுக்கிவிடுவதும் இந்த மக்னீசியத்தை முன்னிட்டே. மின்பலகையின் மேல் படிந்த துகளும் அதே விதிக்கு உட்பட்டது. இரவில் யந்திரம் நின்று, பலகை குளிர்ந்து, கடற்காற்றின் ஈரம் அதன்மேல் படியும்போது, ஒவ்வொரு துகளும் ஒரு துளி உப்புக் கரைசலாகி, அருகருகே ஓடும் மெல்லிய செம்புக் கோடுகளுக்கிடையே மின்சாரம் கசிவதற்குப் பாலம் அமைக்கிறது. மறுநாள் காலையில் மின்னழுத்தம் பாய்ந்தவுடன் அரிப்பு வேகம் கொள்கிறது. கடற்கரை ஊர்களில் கம்ப்யூட்டர்கள் சீக்கிரம் பழுதாவதைத் தரக்குறைவு என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். விசிறி இழுத்துக் கொண்டுவந்த உப்பை யாரும் குறை கூறுவதில்லை.

ஆகவே, சில்லின் உஷ்ணத்தை ஒரு குழாய் வழியாகப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்துவிட்டால், பெட்டியின் பெரிய துவாரங்களை அடைத்து, மிச்சமிருக்கும் சிறு உறுப்புகளுக்கு உள்ளேயே மெதுவாகச் சுழலும் ஒரு விசிறியும், மெல்லிய துணி கட்டிய ஒரு சிறு காற்றுவழியும் வைத்துக்கொள்ளலாம். முழுவதும் அடைத்துவிட முடியாது. மின்வழங்கிப் பெட்டி தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். ஆயினும் விலையுயர்ந்த மின்பலகையின் மேல் செல்லும் உப்புக்காற்றில் பெரும்பகுதி நின்றுவிடும். நீரின் உஷ்ணத்தைக் காற்றில் விடுவதற்காக வெளியே நிற்கும் ரேடியேட்டரை உப்பு தாக்கத்தான் செய்யும், தாக்கட்டும். அதை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவலாம், கெட்டுப்போனால் மாற்றலாம். மின்பலகையை அப்படிக் கழுவ இயலாது.

நீரைக் கொண்டு கம்ப்யூட்டரைக் குளிர்விப்பது புதிய யோசனை அன்று. அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே தன் பெரிய யந்திரங்களில் நீரைச் செலுத்தியது. 1980-இல் அறிவித்த 3081 என்னும் யந்திரத்தில், நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகளை ஒரே பீங்கான் தட்டில் அமைத்து, ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஓர் உலோக உந்தை அழுந்தி உஷ்ணத்தை வாங்கி நீரோடும் தகட்டுக்குத் தரும்படி செய்தது. 1985-இல் வெளிவந்த கிரே-2 என்னும் மகா கணினியோ, மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் தன் பலகைகளை முழுவதுமே மூழ்கடித்து வைத்திருந்தது. இடையில், குறைந்த மின்சாரம் உண்ணும் புதுவகைச் சில்லுகள் வந்ததனால், சுமார் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நீரை மறந்து காற்றுக்கே திரும்பினார்கள். சில்லுகள் மீண்டும் சூடேறியபோது நீரும் திரும்பி வந்தது. நம் நாட்டிலும், தேசிய மகா கணினித் திட்டத்தின் கீழ் 2019-இல் புனே நகரத்து இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் நிறுவிய பரம் பிரம்மா என்னும் மகா கணினி, நிறுவியபோது 797 டெராஃப்ளாப் வேகமுள்ளதாக இருந்தது; அது சில்லுகளின்மேல் நேராகப் பொருந்திய தகடுகளில் நீரைச் செலுத்தியே குளிர்கிறது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஒரு பரிசோதனையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1981-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்கர்மனும் பீஸும், சிலிக்கனின் முதுகிலேயே 50 மைக்ரோமீட்டர் அகலமும் சுமார் 300 மைக்ரோமீட்டர் ஆழமும் உள்ள வாய்க்கால்களை வெட்டி, அவற்றில் நீரைப் பாய்ச்சி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் உஷ்ணத்தை 71 டிகிரி உயர்வுக்குள் அகற்றிக் காட்டினார்கள். வாய்க்கால் குறுகக் குறுக, நீர் சுவரோடு நெருங்கி உறவாடுகிறது. சுவரின் மொத்தப் பரப்பும் பெருகுகிறது. வீட்டில் செய்யும் செம்புக் கட்டியிலும் நாம் பின்பற்ற வேண்டிய தத்துவம் இதுவே. மைக்ரோமீட்டருக்குப் பதிலாக மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போதும்.

அந்தச் செம்புக் கட்டியே இந்தச் சாதனத்தின் பிரதான உறுப்பு. சில்லின்மேல் அழுந்தி அமர்ந்து, உஷ்ணத்தை வாங்கி, தன்னுள் ஓடும் நீருக்குக் கொடுப்பது அதன் தொழில். செம்பை ஏன் வற்புறுத்துகிறோம் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட் உஷ்ணம் 3 மில்லிமீட்டர் கனமுள்ள செம்பைக் கடப்பதற்கு 7 அல்லது 8 டிகிரி வித்தியாசம் போதும். அலுமினியமானால் 15 டிகிரி வேண்டும். வீட்டுப் பாத்திரங்களில் நாம் விரும்பும் எவர்சில்வரானால் 200 டிகிரி வேண்டும், அதற்குள் சில்லு அழிந்துபோகும். சில்லின்மேல் உற்பத்தியாளர் வைத்திருக்கும் உலோக மூடி இந்த உஷ்ணத்தைச் சற்றுப் பரப்பித் தருவது உண்மையே. ஆயினும் எவர்சில்வரின் நிலை மாறாது.

பத்து மில்லிமீட்டர் கனமுள்ள செம்புப் பட்டையில் 50 மில்லிமீட்டர் சதுரமாக ஒரு துண்டை வெட்டி வாங்க வேண்டும். மின்சாரப் பெட்டிகள் செய்வோர் கையாளும் பட்டையின் மீதித் துண்டே இதற்குப் போதும். லேத் பட்டறையில் அதன் மேற்புறத்தை, ஓரத்தில் 5 மில்லிமீட்டர் விளிம்பு விட்டு, நடுவே 40 மில்லிமீட்டர் சதுரத்துக்குப் பள்ளமாகக் குடைந்து, அந்தப் பள்ளத்தின் தரையில் ஒரு மில்லிமீட்டர் அகல வெட்டுகளை, ஒரு மில்லிமீட்டர் சுவர் விட்டு, நான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்கு இருபது வரிசை இறக்கித் தரச் சொல்லலாம். அடியில் 3 மில்லிமீட்டர் செம்பு எஞ்ச வேண்டும். வெட்டாத தளத்தின் பரப்பு 16 சதுர சென்டிமீட்டர். இருபது வெட்டுகளின் பக்கச் சுவர்கள் மட்டும் 64 சதுர சென்டிமீட்டர். வெட்டும் வசதி இல்லாத இடத்தில், கட்டியின் பக்கவாட்டிலிருந்து துளைகள் போட்டு, குறுக்கே வேறு துளைகளால் அவற்றை இணைத்து, வேண்டாத வாய்களை அடைத்துவிடும் பழைய முறையும் உண்டு. அது சற்றுக் குறைவான பலனைத் தருமாயினும், துளையிடும் யந்திரம் ஒன்று இருந்தாலே செய்து முடிக்கக் கூடியது. செம்பு இழுவையான உலோகம். எண்ணெய் விட்டு, அவசரப்படாமல், சீவலை அடிக்கடி அகற்றிக்கொண்டு வேலை செய்யாவிட்டால் வெட்டுக்கருவி சிக்கி முறியும்.

மேல்மூடியைச் செம்புத் தகட்டாலேயே செய்து ஈயப்பற்று வைத்து ஒட்டிவிடுவதை நான் விரும்புகிறேன். கட்டி முழுவதையும் சீராகச் சூடேற்றினால் பற்று தானாகவே இடுக்கெங்கும் ஓடி அடைத்துவிடும். பாத்திரம் பற்ற வைக்கும் கைத்தொழிலாளிக்கு இது எளிய காரியம். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கனமான அக்ரிலிக் தகட்டை வைத்து, நடுவே ரப்பர் வளையம் கொடுத்துத் திருகாணியால் இறுக்கலாம். ஆனால் ஒரே மூலையை அதிகமாக இறுக்கினால் அக்ரிலிக் விரிசல் கண்டுவிடும். நீர் உள்ளே வரும் பித்தளை முனை கட்டியின் மையத்திலும், வெளியேறும் முனை ஓரத்திலும் இருக்கட்டும். சில்லின் உச்ச உஷ்ணம் மையத்தில்தான் எழுகிறது, புதிய நீர் அங்கேயே முதலில் மோத வேண்டும்.

கட்டியின் அடிப்பாகத்தைத் தேய்த்துச் சமன் செய்வதில் காட்டும் சிரத்தைதான் இந்த வேலையின் வெற்றி தோல்வியை நிர்ணயிக்கிறது என்று சொல்லலாம். கனமான கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் தெளித்து, 400-ஆம் எண்ணிலிருந்து 800, 1200 என்று படிப்படியாக ஏறி, கட்டியை எட்டு வடிவில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். அடிப்பாகத்துக்கும் சில்லின் மூடிக்கும் நடுவே இருபதில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவு காற்றிடை இருந்தாலும், 200 வாட் உஷ்ணம் அதைக் கடக்க நூற்றுக்கணக்கான டிகிரி வித்தியாசம் தேவைப்படும். அதே இடையை வெப்பப் பசை நிரப்பியிருந்தால் இரண்டு மூன்று டிகிரியே போதும். பசையைத் தடிப்பாக அப்புவதும் தவறு. பசைகூடச் செம்போடு ஒப்பிடும்போது மிக மோசமான கடத்தி. மேடுபள்ளங்களை நிரப்புவதற்கு மேல் அதற்கு வேலையில்லை.

ரேடியேட்டரைப் பொறுத்தவரையில், பழைய சிறு கார்களின் ஹீட்டரில் இருக்கும் செம்பு, பித்தளையாலான சிறு ரேடியேட்டர் மிகவும் உசிதமானது. அமெரிக்காவில் 1990-களின் இறுதியில் இத்தகைய வேலையில் இறங்கியவர்கள், பழைய பான்டியாக் கார்களின் ஹீட்டர் ரேடியேட்டரையே தேடிப் போனார்கள். நமக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. புதிய கார்களில் அலுமினியமே மிகுதி என்பதால், வாங்கும்போது உலோகத்தைச் சுரண்டிப் பார்ப்பது நல்லது. ஏ.சி. மெக்கானிக்கிடமிருந்து 9.5 மில்லிமீட்டர் செம்புக் குழாயைப் பத்து மீட்டர் வாங்கிச் சுருளாக வளைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். விசிறி இல்லாமல் அது, நீருக்கும் காற்றுக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, 50 வாட்டைத் தாண்டி அகற்றுவது கடினம். நல்ல விசிறி வைத்தால் 150 வாட்டைத் தாண்டலாம். மெல்லிய சிறகுகள் அடர்ந்த ரேடியேட்டரோ, 12 சென்டிமீட்டர் விசிறிகள் இரண்டோடு அதைவிடச் சிறிய இடத்தில் அதிக வேலை செய்யும். ரேடியேட்டரே வேண்டாம், ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துச் சுழல விடலாம் என்ற யோசனையும் பலருக்குத் தோன்றுவது உண்டு. 15 லிட்டர் தண்ணீர் 200 வாட்டை வாங்கிக்கொண்டு மணிக்குப் பதினொரு டிகிரிக்கு மேல் சூடேறும். இரண்டு மணி நேரத்தில் குடம் வெந்நீராகிவிடும்.

பம்ப் விஷயத்தில் சிக்கனம் ஆகாது. அறையைக் குளிர்விக்கும் ஏர்கூலரின் பம்ப் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது 230 வோல்ட்டில் நீருக்குள் மூழ்கி இயங்குவது. தண்ணீரும் மின்பலகையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடத்தில் அதை வைக்க வேண்டாம் என்பதே என் முடிவு. கம்ப்யூட்டரின் மின்வழங்கியிலேயே இயங்கும் 12 வோல்ட் பம்ப் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது. அதை, சுற்றுக்கு நீர் ஊற்றும் சிறு நீர்த்தொட்டிக்குக் கீழே, நீர் தானாக அதனுள் இறங்கும்படி வைக்க வேண்டும். உலர்ந்து ஓடினால் சிறிது நேரத்திலேயே கெட்டுப்போகும். குழாய்க்கு, மேஸ்திரிகள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் குழாயில் கனமான ரகம் போதும்.

இனி நீர். மரக்காணம் கடற்கரையில் எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் இதுதான். ஆழ்துளைக் கிணற்று நீரை எந்தக் காரணத்தைக் கொண்டும் இதற்குள் ஊற்றக் கூடாது. உப்பளத்தில் கடல்நீர் வெயிலில் வற்றும்போது முதலில் சுண்ணாம்பு படிகிறது, பிறகு ஜிப்சம் படிகிறது, நீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 25 டிகிரி ஏறிய பிறகே உப்பு விளைகிறது. உவர்நீர் சூடான செம்பின்மேல் ஓடினாலும் இதே வரிசையின் முதற்படியான சுண்ணாம்புதான் வாய்க்கால்களின் சுவரில் ஏடுகட்டும்; அந்த ஏட்டின் வெப்பக் கடத்துதிறன் செம்பினுடையதில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. குளோரைடோ அதைவிடக் கொடியது: அலுமினியத்தின்மேல் இயற்கையாக அமைந்திருக்கும் மெல்லிய காப்பு ஏட்டைத் துளைத்து, ஊசி குத்தினாற்போலக் குழிகளை உண்டாக்கும். செம்பும் அலுமினியமும் ஒரே நீர்ச்சுற்றில் இருந்தால், அந்தச் சுற்று ஒரு மின்கலமாகவே ஆகி, அலுமினியம் தன்னைத் தியாகம் செய்துகொள்ளும். கடையில் விற்கும் ஆயத்தக் குளிர்விப்பிகள் பலவற்றில் செம்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் சேர்ந்தே இருக்கின்றன. அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த திரவம் உள்ளே இருக்கும்வரை அவை தாங்கும். கையால் செய்கிறவர்கள் செம்பு, பித்தளை என்ற ஒரே குடும்பத்தோடு நின்றுகொள்வது உத்தமம். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரே இதற்குத் தகுந்தது. அதனோடு நல்ல தரமான கார் கூலன்ட்டைச் சிறு பங்கு கலந்தால் அரிப்பும் பாசியும் கட்டுப்படும். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள விஷம் என்பதால், குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாத இடத்தில் வைப்பது அவசியம்.

உப்புநீரையும் யந்திரத்தையும் பிரித்து வைக்கும் இந்த ஒழுங்கை இதே கடற்கரையில், சற்று வடக்கே, மாபெரும் அளவில் காணலாம். 1984-இலும் 1986-இலும் வணிகரீதியான மின்னுற்பத்தியைத் தொடங்கிய கல்பாக்கத்துச் சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகளில், உலையின் உள்ளே சுழல்வது கனநீர். அது தன் உஷ்ணத்தைக் குழாய்ச் சுவரின் வழியாகச் சாதாரண நன்னீருக்குக் கொடுத்து ஆவியாக்குகிறது. சுழலியை ஓட்டி முடித்த ஆவியை மீண்டும் நீராக்குவது, கடலடிச் சுரங்கத்தின் வழியே வரும் வங்காள விரிகுடாவின் நீர். மூன்று நீர்களும் ஒன்றுக்கொன்று உஷ்ணத்தை மட்டும் கைமாற்றிக்கொள்கின்றன; ஒரு துளியும் கலப்பதில்லை. இருநூறு வாட்டுக்கும் இந்த விதியே பொருந்தும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், மண்பானையின் குளிர்ச்சியை அறிந்த நம்மவர்களுக்கு, ரேடியேட்டருக்குப் பதில் நீரை ஈரச்சாக்கின் மேலோ பானையிலோ ஓடவிட்டு ஆவியாதலால் குளிர்விக்கலாமே என்ற ஆசை இயல்பாக எழும் என்பதே. ஆசை நியாயமானது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் உஷ்ணத்தைக் கொண்டுபோகிறது. 200 வாட் யந்திரத்துக்கு மணிக்கு 300 மில்லிலிட்டர் ஆவியானாலே போதும். ஆனால் இந்தக் குளிர்ச்சிக்குக் காற்றின் வறட்சியே எல்லை. கடற்காற்று வீசும் மாலையில், 33 டிகிரி வெப்பமும் 75 சதவிகித ஈரப்பதமும் இருக்கும்போது, ஆவியாதலால் நீரை 29 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாது. பலன் நான்கே டிகிரி. மேற்கிலிருந்து கச்சான் வீசும் நண்பகலில், வெப்பம் 38 டிகிரியாகவும் ஈரப்பதம் 35 சதவிகிதமாகவும் இருந்தால், நீரை 26 டிகிரி வரை இறக்கலாம். பன்னிரண்டு டிகிரி பலன். உடம்பைத் தீய்க்கும் அந்தக் காற்றையே உப்பளத் தொழிலாளர் உப்பு விளைய உகந்ததென்று வரவேற்பதும் இந்த வறட்சியைக் கருதித்தான். எனினும், ஆவியாகப் போவது நீர் மாத்திரமே. அதில் கரைந்திருந்தது அங்கேயே தங்கிச் செறிந்துகொண்டே போகும். பாத்தியில் நாம் வேண்டி விரும்பிச் செய்வது, செம்புக் கட்டிக்குள் நடந்தால் அது சர்வநாசம். ஆகவே ஆவியாதலைப் பயன்படுத்த விரும்புகிறவர்கள், உள்சுற்றை மூடியே வைத்து, அதன் செம்புக் குழாய்ச் சுருளை வெளியே ஈரத்துணிக்குள் வைக்க வேண்டும். துணியின் நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். பனிக்கட்டி போடுவது அறவே ஆகாது. மேற்சொன்ன மாலைக் காற்றின் பனிநிலை 28 டிகிரி. உள்ளே ஓடும் நீர் அதற்குக் கீழே குளிர்ந்தால், குழாயின் வெளிப்புறத்தில் நீர் முத்துமுத்தாகத் துளிர்த்து மின்பலகையின்மேல் சொட்டும்.

உண்மையில் அவ்வளவு குளிர்ச்சிக்கு அவசியமே இல்லை. சில்லு 80 டிகிரியிலும் செவ்வனே வேலை செய்யும். சூரிச் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2010-இல் ஐ.பி.எம். அமைத்த அக்வாசார் என்னும் கணினிக்கு 60 டிகிரி வெந்நீரையே குளிர்நீராகச் செலுத்தினார்கள். நம் ஊரில் காற்று 40 டிகிரியாக இருந்து, ரேடியேட்டரில் நீர் 50 டிகிரியில் சுழன்றாலும், நன்றாகத் தேய்த்துப் பொருத்திய செம்புக் கட்டி சில்லைக் காப்பாற்றிவிடும். குழாயைத் தொட்டுப் பார்த்துச் சுடுகிறதே என்று அஞ்சுகிறவர்கள் சில்லின் வெப்பநிலையைத் திரையில் பார்த்து அமைதி அடையலாம்.

கடிதம் தட்டச்சு செய்யவும் கணக்கு எழுதவும் மட்டும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த முயற்சி வேண்டாம்; அத்தகைய யந்திரத்தின் உஷ்ணம் சிறிது, காற்றுவழியில் துணி வடிகட்டி கட்டி, இரவில் உறை போட்டு மூடினால் போதும். வீடியோத் தொகுப்பு, கட்டட வரைபடம், பெரிய புகைப்பட வேலை என்று நாள் முழுவதும் யந்திரத்தைக் கடுமையாக உழைக்க வைப்பவர்களுக்கே இது உரியது. முதலில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள். சுற்றை நிரப்பி, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் வேறு மின்வழங்கியில் இருபத்து நான்கு மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் வெள்ளைக் காகிதம் விரித்துக் கசிவு உண்டா என்று பாருங்கள். காகிதம் நனையாத பிறகே யந்திரத்துக்கு மின்சாரம் கொடுங்கள். மரக்காணம், திண்டிவனம் வட்டாரத்துத் தொழிற்பயிற்சி ஆசிரியர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன்: மாணவர்களுக்குத் துளையிடவும் தேய்க்கவும் பற்ற வைக்கவும் கற்பிப்பதற்கு இந்த 50 மில்லிமீட்டர் செம்புக் கட்டியை ஒரு பயிற்சியாகக் கொடுங்கள், செய்து முடித்ததைப் பயிற்சி நிலையத்துக் கம்ப்யூட்டரிலேயே பொருத்தி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.